‘பாஸ் திட்டுவாரு’: சிறு வணிகங்களின் இணையப் பாதுகாப்பில் நாம் கவனிக்காத ஓட்டை

வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. சிம்பாங் அம்பாட்டில் ஒரு சின்ன இரும்புப் பட்டறை. பக்கத்தில் பத்து காவான் தொழிற்பேட்டையில் உள்ள தொழிற்சாலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுப்பது அவர்கள் வேலை. மொத்தம் எட்டுப் பேர். கணக்கு பார்ப்பது ஒரே ஒரு பெண்.

அவருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. மாதாமாதம் இரும்புத் தகடு அனுப்பும் சப்ளையரிடமிருந்து. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இந்த மாதப் பணத்தைப் புதிய கணக்கில் போடவும்.” நிறுவனத்தின் பெயர் சரி. லோகோ சரி. இன்வாய்ஸ் எண் சரி. தொகையும் சரி: 18,600 ரிங்கிட். “இன்னும் காசு கட்டலையா?” என்று பாஸ் அன்று இரண்டு முறை கேட்டுவிட்டார். அவர் பணத்தை அனுப்பிவிட்டார்.

5.40க்கு ஒரு சந்தேகம். மின்னஞ்சலை மறுபடி திறந்து பார்க்கிறார். அனுப்பியவரின் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது. வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. “இப்போ சொன்னா பாஸ் திட்டுவாரு. திங்கட்கிழமை பார்த்துக்கலாம்.”

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இதில் வரும் மோசடி கற்பனை இல்லை. உலகம் முழுவதும் சிறு நிறுவனங்களின் பணம் போகும் முக்கியமான வழிகளில் இதுவும் ஒன்று. இந்தக் கதையில் பணம் போனது 5 மணிக்கு. அதைத் திரும்பப் பிடிக்கக் கிடைத்த வாய்ப்பு போனது 5.40க்கு.

இணையப் பாதுகாப்பு என்றால் ஆன்டி வைரஸ், ஃபயர்வால், பெரிய ஐ.டி. டீம் என்றுதான் நமக்குத் தோன்றும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் அதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது: தவறு நடந்தால், அதைச் செய்தவர் உடனே வாய் திறந்து சொல்வாரா?

‘நம்ம கடையை யார் ஹேக் பண்ணப் போறாங்க?’

சிறு வணிகர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. மலேசியாவில் உள்ள வணிக நிறுவனங்களில் சுமார் 97 சதவீதம் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்தான். மோசடிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய சந்தை வேறு எங்கே கிடைக்கும்?

அவர்கள் உங்கள் கடையைத் தேடி வருவதில்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே செய்தியை அனுப்புகிறார்கள். யார் கதவைத் திறக்கிறாரோ அவர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். கடை சின்னதா பெரியதா என்பது அப்புறம்தான்.

சிம்பாங் அம்பாட் மாதிரி ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டமும் கம்பமுமாக இருந்த செபராங் பிறை செலாத்தான் வட்டாரம் வேகமாக மாறிவருகிறது. இரண்டாவது பினாங்குப் பாலம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. பத்து காவானில் பன்னாட்டுத் தொழிற்சாலைகள் வந்தன. சுற்றிலும் புதிய தாமான்கள் எழுந்தன. ஒவ்வொரு பெரிய தொழிற்சாலைக்குப் பின்னாலும் லோரி நிறுவனம், கேன்டீன் நடத்துபவர், துப்புரவு கான்ட்ராக்டர், பட்டறை என்று ஒரு வரிசை நிற்கிறது. பெரிய நிறுவனத்தின் வாசலை உடைக்க முடியாதவர்கள், இந்த வரிசையில் இருப்பவர்களின் பின்கதவு வழியாக முயற்சி செய்வார்கள்.

ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். 2022 மார்ச் 1ஆம் தேதி டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் உள்ள தன் 14 ஆலைகளையும் ஒரு நாள் நிறுத்தியது. சுமார் 13,000 வாகனங்களின் உற்பத்தி பாதிக்கப்பட்டது. இத்தனைக்கும் தாக்கப்பட்டது டொயோட்டா இல்லை. அதற்கு பிளாஸ்டிக் பாகங்கள் கொடுக்கும் கோஜிமா இண்டஸ்ட்ரீஸ் என்ற சப்ளையர்தான். பெரிய நிறுவனங்கள் இன்று சப்ளையர்களிடம் பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்பதற்கு இதுபோன்ற சம்பவங்களும் காரணம். பதில் இல்லாத சப்ளையருக்கு அடுத்த ஆர்டர் கிடைப்பது கஷ்டம்.

எப்படி ஏமாற்றுகிறார்கள்? நான்கு வழிகள்

1. ‘கணக்கு மாறிவிட்டது’ மின்னஞ்சல். மேலே பார்த்த கதைதான். மோசடிக்காரர் முதலில் யாரோ ஒருவரின் மின்னஞ்சலுக்குள் நுழைகிறார். எதையும் தொடமாட்டார். சில நாளோ சில வாரமோ சும்மா படித்துக்கொண்டிருப்பார். யார் யாருக்கு எப்போது பணம் கட்டுகிறார்கள், எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தபின், சரியான நாளில் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யிடம் 2023ஆம் ஆண்டில் இந்த வகை மோசடியில் பதிவான இழப்பு சுமார் 290 கோடி டாலர். தலைப்புச் செய்தியாகும் ரேன்சம்வேர் தாக்குதல்களில் அதே ஆண்டு அங்கே பதிவான நேரடி இழப்பு சுமார் 6 கோடி டாலர்தான். ரேன்சம்வேரில் பலர் புகார் கொடுப்பதில்லை, வேலை நின்றுபோன நஷ்டமும் இதில் சேராது. இருந்தாலும் வித்தியாசம் பெரியது. திரையில் மண்டை ஓடு காட்டும் வைரஸைவிட, பணிவாக எழுதப்பட்ட ஒரு மின்னஞ்சல் அதிகப் பணத்தைக் கொண்டுபோகிறது.

2. ஏ.பி.கே. கோப்பு. கல்யாணப் பத்திரிகை, பார்சல் ரசீது, சம்மன், சலுகை விலை என்று ஏதாவது ஒரு பெயரில் வாட்சாப்பில் ஒரு ஃபைல் வரும். அது படமும் இல்லை, பி.டி.எஃப்.பும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியையே நிறுவும் கோப்பு. நிறுவி, கேட்கும் அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால், உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் அவர்களுக்கும் போகும். வங்கி அனுப்பும் டி.ஏ.சி. எண் உட்பட.

இதில் சிறு வணிகங்கள் இரண்டு விதமாக மாட்டுகின்றன. ஒன்று, ஏமாறுபவராக. இன்னொன்று, பெயர் திருடப்படுபவராக. 2022இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. மலேசியாவில் மட்டுமே இயங்கும் வீட்டுத் துப்புரவுச் சேவைகள், ஒரு செல்லப்பிராணிக் கடை ஆகியவற்றின் பெயரில் ஏழு போலி இணையத்தளங்கள் இருந்தன. ‘எங்கள் ஆப்பை டவுன்லோட் பண்ணுங்க’ என்று சொல்லி, எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தார்கள். அந்தக் கடைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் ஏமாந்த வாடிக்கையாளருக்கு ஞாபகம் இருக்கப்போவது அந்தக் கடையின் பெயர்தானே?

3. வாட்சாப் கணக்கைப் பறிப்பது. “தப்பா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்க கோட் வந்துருச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்” என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே செய்தி வரும். அனுப்பினால் உங்கள் வாட்சாப் அவர்கள் கையில். பல சின்னக் கடைகளுக்கு வாட்சாப்தான் ஆர்டர் புத்தகம், வாடிக்கையாளர் பட்டியல், ரசீது எல்லாமே. அது போனால் கடை போன மாதிரி. அங்கிருந்து உங்கள் வாடிக்கையாளர்களிடம் உங்கள் பெயரிலேயே கடன் கேட்பார்கள்.

4. கல்லாவில் நடப்பது. டுயிட்நவ் கியூ.ஆர். குறியீட்டின் மேல் வேறு ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால், வாடிக்கையாளர் கட்டும் காசு வேறு கணக்குக்குப் போகும். இன்னொன்று, ‘பணம் அனுப்பிட்டேன் அண்ணே’ என்று காட்டப்படும் போலி ஸ்கிரீன்ஷாட். தீபாவளி நேரக் கூட்டத்தில் ஒவ்வொரு போனையும் உற்றுப் பார்க்க யாருக்கு நேரம்? வாடிக்கையாளர் போனில் தெரிவது ஆதாரம் இல்லை. உங்கள் போனில் வரும் அறிவிப்புதான் ஆதாரம்.

இந்த நான்கிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. யாரும் எதையும் உடைக்கவில்லை. அவசரப்படுத்திக் கேட்டார்கள், நாம் கொடுத்தோம்.

ஸ்டார்ட்அப்காரங்களுக்கு இது பொருந்தாதா?

“நாங்க டெக் ஆளுங்க, எங்களுக்குத் தெரியாதா?” என்று தோன்றலாம். ஸ்டார்ட்அப்களின் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது: வேகம். மூன்று நண்பர்கள் ஆரம்பிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல். அது ஒரு வாட்சாப் குழுவில் பின் செய்யப்பட்டிருக்கும். இன்டர்ன் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும், அவருடைய லாகின் இன்னும் வேலை செய்யும். வாடிக்கையாளர் பட்டியல், ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பில் கூகல் ஷீட்டில் கிடக்கும்.

ஒரு கடவுச்சொல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பிரிட்டனில் ஓர் உதாரணம் உண்டு. கே.என்.பி. என்ற லோரிப் போக்குவரத்து நிறுவனம், 158 ஆண்டுப் பாரம்பரியம் கொண்டது. சுமார் 500 லோரிகள் ஓடின. 2023இல் ஒரு ரேன்சம்வேர் கும்பல் உள்ளே நுழைந்து எல்லாத் தரவுகளையும் பூட்டியது. ஓர் ஊழியரின் கடவுச்சொல்லை ஊகித்துத்தான் நுழைந்தார்கள் என்று நம்பப்படுகிறது. நிறுவனம் மூடப்பட்டது. சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். அந்த நிறுவனத்திடம் சைபர் காப்புறுதியும் இருந்தது.

இந்தக் கதையில் மனத்தில் நிற்பது இன்னொரு விஷயம். அந்த ஊழியர் யார் என்பது தெரிந்தும், அவரிடம் அதைச் சொல்லவில்லை என்று நிறுவனத்தின் இயக்குநர் பிறகு பி.பி.சி.யிடம் சொன்னார். ஒரே ஒரு கடவுச்சொல்லின் பாரத்தை ஒரே ஒரு மனிதரின் தலையில் எப்படி ஏற்றிவைப்பது? ஒருவர் தவறினால் மொத்தமும் விழும்படி ஓர் அமைப்பு இருந்தால், பிழை அந்த ஒருவரிடம் மட்டும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம், அதே ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வங்கி, மின்சாரம், சுகாதாரம், போக்குவரத்து உட்பட நாட்டின் 11 முக்கியத் துறைகளின் கணினிக் கட்டமைப்புகளைப் பற்றியது அது. சாதாரணக் கடைகளுக்கு நேரடியாகப் பொருந்தாது.

நேரடியாகப் பொருந்துவது, 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது பி.டி.பி.ஏ. வாடிக்கையாளரின் பெயர், ஐ.சி. எண், போன் எண், முகவரி ஆகியவற்றை வியாபாரத்துக்காக வைத்திருந்தால், அதைப் பாதுகாப்பது உங்கள் பொறுப்பு. ‘நாங்க சின்னக் கம்பெனி’ என்ற விலக்கு அதில் இல்லை.

2024இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முக்கியமான மாற்றங்கள் இவை:

• தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் விதிக்கப்படும் உச்ச அபராதம், 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது.

• 2025 ஜூன் 1 முதல், குறிப்பிடத்தக்க பாதிப்பை ஏற்படுத்தக்கூடிய தரவுக் கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

• தெரிவிக்காமல் மறைத்தால் இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

கவனித்தீர்களா? கசிவு நடந்ததை மறைப்பதே இப்போது தனிக் குற்றம். ஊழியர் பாஸிடம் மறைத்தால், பாஸ் தன்னையறியாமல் சட்டச் சிக்கலில் நிற்பார்.

முதல் ஒரு மணி நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

அனுப்பிய பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் ‘அக்காவுன் கெல்டாய்’ என்று மலாய் மொழியில் சொல்லப்படும் கணக்குக்கு. யாரோ ஒருவர் கூலிக்கு இரவல் கொடுத்த வங்கிக் கணக்கு அது. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது கணக்கு என்று பணம் சில நிமிடங்களில் பிரிந்து ஓடும். பிறகு ஏ.டி.எம்.மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். அந்த ஓட்டம் முடிவதற்குள் ஏதாவது ஒரு கணக்கை முடக்கினால்தான் காசு மிஞ்சும்.

இதற்காகத்தான் 2022 அக்டோபரில் தேசிய மோசடி நடவடிக்கை மையம், என்.எஸ்.ஆர்.சி., தொடங்கப்பட்டது. காவல்துறை, பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எல்லாம் அதில் இணைந்து வேலை செய்கின்றன. எண்: 997.

பணம் போனது தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

• உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கோ 997க்கோ உடனே அழையுங்கள். வங்கிகளுக்கு 24 மணி நேரப் புகார் எண் இருக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் உத்தரவு.

• உங்கள் கணக்குக்குள்ளேயே யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தோன்றினால், வங்கிச் செயலியில் உள்ள ‘கில் சுவிட்ச்’ மூலம் கணக்கை நீங்களே முடக்குங்கள்.

• எதையும் அழிக்காதீர்கள். மின்னஞ்சல், வாட்சாப் உரையாடல், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

• பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

• மின்னஞ்சல் அல்லது கணினிக்குள் ஊடுருவல் என்றால், சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையை 1-300-88-2999 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

இதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் தவறு செய்தவர் பயந்துபோய் அமைதியாக இருந்தால், இந்த எண்கள் எதுவும் உதவாது.

அதனால்தான் திட்டு ஒரு பாதுகாப்புப் பிரச்சினை ஆகிறது. “படிச்சவதானே நீ, இதுகூடத் தெரியாதா?” என்று ஒரு தடவை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால், அந்தப் பெண் மட்டும் இல்லை, அதைப் பார்த்த மற்ற ஏழு பேரும் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள்: தப்பு நடந்தா மறைக்கணும். சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்று மிரட்டினால் அந்தப் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும். நம்முடைய பல சின்ன வணிகங்கள் குடும்ப வணிகங்கள். அங்கே பாஸ் என்பவர் அப்பா, சித்தப்பா, அண்ணன். பயமும் மரியாதையும் கலந்திருக்கும். மறைப்பதும் அந்த அளவுக்கு எளிது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரிய பட்ஜெட் வேண்டாம். ஒரு மாதம், வாரத்துக்கு ஒரு வேலை. இதைப் படிப்பவர் கடை முதலாளியாக இல்லாமல், கடைக்காரரின் மகனாகவோ மகளாகவோ இருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான வீடுகளில் போனை சரிசெய்து கொடுப்பது நீங்கள்தானே.

முதல் வாரம்: ஒரே ஒரு விதி. வங்கிக் கணக்கு எண் மாறியதாக யார் சொன்னாலும், ஏற்கனவே நம்மிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் போகக் கூடாது. அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணில் இல்லை. அது மோசடிக்காரருடையதாக இருக்கலாம். பாஸே சொன்னாலும் இதே விதிதான். பாஸ் குரலில் வாய்ஸ் மெசேஜ் வந்தாலும் இதே விதிதான், ஏ.ஐ. இருக்கும் காலம் இது. புதிய கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதித்துப் பார்க்கலாம். அங்கே எதுவும் வரவில்லை என்றால் அது நல்ல கணக்கு என்று அர்த்தம் இல்லை, இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரையும் படியுங்கள்.

இரண்டாம் வாரம்: பூட்டுகள். மின்னஞ்சல், வாட்சாப், முகநூல் பக்கம் மூன்றுக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் அதன் வழியாக மாற்றிவிடலாம். ஒவ்வொருவருக்கும் தனி லாகின். வேலையை விட்டவரின் லாகினை அன்றைக்கே மூடுங்கள். வாட்சாப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து, தெரியாத சாதனம் இருந்தால் நீக்குங்கள்.

மூன்றாம் வாரம்: நகல். கணக்கு, இன்வாய்ஸ், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

நான்காம் வாரம்: தே தாரிக் நேரம். எல்லாரும் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பேசுங்கள். சொற்பொழிவு வேண்டாம். இந்த மாதம் வந்த சந்தேகமான மெசேஜை ஒவ்வொருவரும் காட்டட்டும். முதலில் பாஸ் தன்னுடையதைக் காட்டட்டும், தான் ஏமாறப் பார்த்த கதையைச் சொல்லட்டும். பிறகு தெளிவாக ஒரு வாக்கியம் சொல்லட்டும்: “உடனே சொன்னா திட்ட மாட்டேன்.” அதைக் காப்பாற்றவும் வேண்டும். முதல் சோதனை வரும் நாளில் முகம் மாறினால், அத்தனையும் வீண்.

இதனால் யாரும் அலட்சியமாகிவிட மாட்டார்களா? நியாயமான கேள்வி. திட்ட மாட்டேன் என்றால் விதியே இல்லை என்று அர்த்தம் இல்லை. கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பினால் அதைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பேச்சு, 997க்கு அழைத்து முடித்த பிறகு.

மறுபடியும் அதே வெள்ளிக்கிழமை

அதே பட்டறை, அதே மின்னஞ்சல், அதே அவசரம். இந்த முறையும் பணம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். மனிதர்கள்தானே, தவறும். 5.40க்குச் சந்தேகம் வருகிறது. அவர் எழுந்து பாஸின் மேசைக்குப் போகிறார்.

“பாஸ், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்.”

பாஸுக்குக் கோபம் வரும். 18,600 வெள்ளி சும்மாவா? ஆனால் அவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எந்த பேங்க்? எத்தனை மணிக்கு அனுப்பினே?”

முழுப் பணமும் திரும்பி வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. திங்கட்கிழமை வரை காத்திருந்தால் அந்த வாய்ப்புகூட இருக்காது.